பந்தய அதிர்வடக்கியும் பொதுத் தெருவும்

மோட்டார் வண்டியின் உறுப்புக்களுள் மக்கள் விரும்பிப் பேசுவன சில. பேசாது விடுவன பல. இயந்திரத்தின் வலிமையைப் பற்றிப் பேசாதார் இலர். வண்டியின் நிறமும் வடிவும் எல்லோர் கண்ணையும் கவர்கின்றன. ஆனால், சக்கரத்திற்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே, சேறும் புழுதியும் படிந்து, எவர் கண்ணிலும் படாது நின்று தொழில் புரியும் குழாய் ஒன்று உண்டு. ‘ஷொக் அப்சோபர்’ எனப் பலரும் வழங்கும் அக்கருவியைத் தமிழில் அதிர்வடக்கி எனலாம். பந்தயத்திற்கென்றே அமைந்த அதிர்வடக்கியைப் பழைய வண்டியொன்றிற் பூட்டிப் பொதுத் தெருவில் ஓட்டினால் விளைவது யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இந்த வினா எழுந்த இடம் அமெரிக்க ஐக்கிய நாடு. 1964ஆம் ஆண்டு மாதிரியாகப் பொன்டியாக் நிறுவனத்தார் ‘ஜீ.ரீ.ஓ.’ என்னும் வண்டியை விற்பனைக்கு விட்டனர். 389 கன அங்குலக் கொள்ளளவும் 325 குதிரை வலுவும் கொண்ட இயந்திரம் அதில் இருந்தது. அதே ஆண்டில் போர்ட் நிறுவனத்தாரின் மஸ்டாங் வெளிவந்தது. பின்னர் ஷெவ்ரலே கமாரோ, பிளிமத் ரோட் ரன்னர் முதலியன வந்தன. இவ்வண்டிகள் பிறந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. எனினும், அந்நாட்டில் அவற்றைப் பேணுவோர் தொகை குறையவில்லை. கிழமை நாட்களிற் கடைத்தெருவிற்கும், ஓய்வு நாட்களிற் பந்தயக் களத்திற்கும் ஒரே வண்டியை ஓட்டிச் செல்வோர் அவர்களுட் பலர். முன்னொருவர் பந்தயத்திற்கெனத் திருத்திய வண்டியை, அதன் அடியில் உள்ளது யாதென அறியாமலே விலைக்கு வாங்கி, மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு புறப்படுவோரும் உளர். இவர்களுக்கு இப்பொருள் உயிரோடு தொடர்புடையதாகும்.

முதலில், பந்தயத்தின் இயல்பை அறிதல் வேண்டும். ‘டிராக்’ பந்தயம் என்பது வளைவில்லாத நேர்ப்பாதையில் நிகழ்வது. இரு வண்டிகள் அருகருகே அசைவற்று நிற்கும். விளக்குத் தூணிற் பச்சை ஒளி தோன்றியதும் இரண்டும் பாய்ந்து புறப்படும். கால் மைல், அதாவது 1,320 அடித் தொலைவை முன்னர்க் கடக்கும் வண்டி வெற்றி பெறும். அதிற் சுக்கானைத் திருப்ப வேண்டிய வளைவு இல்லை, குழி இல்லை, குறுக்கே வரும் பாதசாரி இல்லை. தளம் மேசைபோற் சமமானது. புறப்படும் கணத்திற் பின் சக்கரங்கள் வீணே சுழலாது தரையைப் பற்றிக்கொள்ளுமாயின் வெற்றியிற் பாதி கைக்கு வந்துவிட்டது எனலாம். ஆதலின் முதல் 60 அடியைக் கடக்கும் நேரத்தையே பந்தயக்காரர் உன்னிப்பாய் நோக்குவர்.

இப்பந்தயத்தின் வரலாற்றையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். தென் கலிபோர்ணியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர் தம் வண்டிகளின் வேகத்தைச் சோதித்து வந்தனர். நகரத் தெருக்களிலும் இரவு வேளைகளிற் பந்தயங்கள் நடந்தன. அவற்றால் உயிர்ச்சேதம் விளைந்தது. பொதுமக்களின் கண்டனமும் எழுந்தது. 1950ஆம் ஆண்டிற் சாந்தா அனா என்னுமிடத்தில் விமானத் தளமொன்றின் ஓடுபாதையில் முறையான பந்தயங்கள் தொடங்கின. மறு ஆண்டில் வோலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹொட் ரொட் சங்கத்தை நிறுவினார். அச்சங்கம் 1953இற் பொமோனா நகரில் தன் முதற் பந்தயத்தை நடத்தியது. தெருவில் நிகழ்ந்த போட்டியைத் தெருவினின்றும் அகற்றி, வேலியும் விதியும் உள்ள களத்துள் அமைப்பதே அவர்கள் மேற்கொண்ட முயற்சியின் நோக்கமாகும்.

இனி, அதிர்வடக்கியின் தொழிலை நோக்குவோம். வண்டியின் பாரத்தைத் தாங்குவது அதிர்வடக்கியே என்று கருதுவோர் உளர். அது தவறு. பாரத்தைத் தாங்குவது ஸ்பிறிங் எனப்படும் வில். மேடு எதிர்ப்பட்டதும் சக்கரம் மேலெழுகின்றது. வில் சுருங்கி, அந்த இடிப்பின் சக்தியைத் தன்னுட் சேமிக்கின்றது. சேமித்ததை வில் திருப்பிக் கொடுக்காமல் இராது. தடுப்பார் இல்லையெனின் வண்டி மேலும் கீழுமாகப் பலமுறை ஆடும். ஏணையை ஒருமுறை ஆட்டி விட்டால் அது தானே நெடுநேரம் ஆடுவதைப் போன்றது இது. அவ்வாட்டத்தை அடக்குவதே அதிர்வடக்கியின் கடமை. எண்ணெய் நிரம்பிய குழாயினுள் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் செல்கின்றது. அப்பிஸ்டனிலுள்ள சிறு துவாரங்களினூடாகவும் வால்வுகளினூடாகவும் எண்ணெய் நெருக்குண்டு பாய்கின்றது. அந்த நெருக்குதலில் ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறிக் காற்றிற் கலந்துவிடுகின்றது. கரடுமுரடான பாதையில் நெடுந்தூரம் ஓடிய வண்டியின் அதிர்வடக்கியைத் தொட்டால் அது சுடுவதற்குக் காரணம் இதுவே.

இக்கருவி இரு திசையிலே தொழில் செய்கின்றது. சக்கரம் மேலெழும்போது குழாய் சுருங்குகின்றது. சக்கரம் கீழிறங்கும்போது, அல்லது வண்டியின் உடல் மேலெழும்போது, குழாய் நீள்கின்றது. இவ்விரு திசைகளிலும் எவ்வளவு தடை கொடுப்பது என்பதை வால்வுகள் நிர்ணயிக்கின்றன. தெருவில் ஓடும் சாதாரண வண்டிகளிற் பொதுவாகச் சுருங்கும்போது கொடுக்கும் தடை குறைவு. நீளும்போது கொடுக்கும் தடை அதிகம். அதற்குத் தக்க நியாயம் உண்டு. மேட்டின் இடி உள்ளிருப்போரைத் தாக்காதிருக்க வேண்டுமானால் சக்கரம் இலகுவாக மேலெழ வேண்டும். எழுந்தபின் வில் துள்ளி விரிந்து உடலைத் தூக்கி எறியாதிருக்க வேண்டுமானால் நீளுந் திசையில் வன்மையான கட்டுப்பாடு வேண்டும்.

டிராக் பந்தயத்திற்கென அமைந்த முன் அதிர்வடக்கி இந்த ஒழுங்கைத் தலைகீழாக மாற்றுகின்றது. அதனை ‘90/10’ என்று அழைப்பர். மொத்தத் தடையில் 90 பங்கு சுருங்குந் திசையிலும் 10 பங்கு நீளுந் திசையிலும் உளது என்பது அதன் பொருள். 80/20, 70/30 என்பனவும் உண்டு. இவ்வெண்கள் பங்கீட்டை மட்டுமே கூறுகின்றன என்பதை மறத்தலாகாது. மொத்தத் தடை எவ்வளவு என்பதை அவை கூறா. 50/50 என்று எழுதிய இரு அதிர்வடக்கிகளுள் ஒன்று மென்மையானதாகவும் மற்றொன்று கல்லைப்போன்றதாகவும் இருத்தல் கூடும். எண்ணை மட்டும் பார்த்து வாங்குவோர் ஏமாறுவது இங்கேதான்.

பந்தயக்காரர் 90/10ஐ விரும்புவது ஏன்? வண்டி முன்னே பாயும்போது பாரம் பின்னே செல்கின்றது. அதன் அளவைக் கணக்கிடலாம். ஜீ.ரீ.ஓ. வண்டியின் முன் பின் அச்சுக்களுக்கு இடையேயுள்ள தூரம் 115 அங்குலம். அத்தகைய வண்டியொன்றின் நிறை 3,500 இறாத்தல் என்றும், அதன் புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 21 அங்குல உயரத்தில் உளது என்றும் கொள்க. புவியீர்ப்பின் அரைப்பங்கு வேகவளர்ச்சியுடன் அது புறப்படுமாயின், முன் சக்கரங்களிலிருந்து ஏறக்குறைய 320 இறாத்தற் பாரம் பின் சக்கரங்களுக்கு மாறும். பின் சக்கரங்களே தரையை உதைத்து வண்டியைத் தள்ளுகின்றன. ஆதலின் அவற்றின்மேற் பாரம் கூடக் கூடப் பற்றும் கூடும். அக்காலத்து ரயர்கள் ஒடுங்கியவை. இயந்திரத்தின் வலிமைக்கு அவை ஈடுகொடுக்கவில்லை. ஆகவே ஒவ்வோர் இறாத்தலும் பந்தயக்காரருக்குப் பொன்னாக இருந்தது.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்குதல் அவசியம். 90/10 அதிர்வடக்கி பாரத்தைப் பின்னே ‘அனுப்புகின்றது’ என்று பலர் கூறுவர். மேலே கூறிய கணக்கில் வண்டியின் நிறை உண்டு, மையத்தின் உயரம் உண்டு, அச்சுக்களின் தூரம் உண்டு, வேகவளர்ச்சி உண்டு. அதிர்வடக்கி என்ற சொல்லே அதில் இல்லை. எந்த அதிர்வடக்கியைப் பூட்டினாலும் இறுதியில் மாறும் பாரம் ஏறத்தாழ அதுவே. அதிர்வடக்கி செய்வது, அம்மாற்றம் எவ்வளவு விரைவாக, எவ்வாறு நிகழ்வது என்பதை ஆளுவதாகும். முன் வில் தடையின்றி விரிந்தால், வண்டியின் மூக்கு விரைந்தெழும். அவ்வாறு உடல் மேலே உந்தப்படும் கணத்திற் பின் ரயர்கள் தரையில் மேலும் அழுந்தும். எழுந்த மூக்கு உடனே கீழே விழுந்து பாரத்தை முன்னே இழுக்காதபடி, சுருங்குந் திசையிலுள்ள வன்தடை அதைத் தாங்கிக்கொள்ளும். நேர்ப்பாதையின் முதற் சில கணங்களுக்கு இது மிகச் சிறந்த ஏற்பாடு. அதில் ஐயமில்லை.

அதே ஏற்பாடு பொதுத் தெருவிற்கு வரும்போது என்ன நிகழ்கின்றது? தெரு ஒரே திசையில் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை. மேடு, பள்ளம், வளைவு, சந்தி, திடீரென ஓடிவரும் குழந்தை, முன்னே நின்றுவிடும் பாரவண்டி எனப் பல கேள்விகளை முன்னறிவிப்பின்றிக் கேட்கின்றது.

மேட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். சக்கரம் மேலெழ முயலும்போது சுருங்குந் திசையின் வன்தடை அதனை எதிர்க்கின்றது. வில் ஏற்க வேண்டிய இடியை உடல் ஏற்கின்றது. சுக்கானைப் பிடித்த கைகளும் ஏற்கின்றன. மேடு கடந்ததும் வில் விரிகின்றது; நீளுந் திசையில் தடை மிகக் குறைவாதலின் உடல் தாராளமாக மேலெழுகின்றது. அது கீழே வருவதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகின்றது. ஏறுவது எளிது, இறங்குவது அரிது என்றால் விளைவு யாது? தொடர்ச்சியான மேடுபள்ளங்களில் வண்டியின் முன்பாகம் படிப்படியாக உயர்ந்து, உயர்ந்த நிலையிலேயே மிதந்து செல்லும். ஓட்டுபவர் வண்டி தெருவின்மேல் ஓடுவதாக எண்ணுகிறார். உண்மையில் அது தோணிபோல் மிதக்கின்றது.

இரண்டாவது, சுக்கான். முன்பாகம் உயர்ந்து நிற்கும்போது முன் சக்கரங்களின் சாய்வும் நோக்கும், வண்டி சமநிலையில் நின்றபோது கராச்சில் அமைத்த அளவினின்று மாறிவிடுகின்றன. மணிக்கு 60 மைல் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு செக்கனில் 88 அடி செல்கின்றது. பெருந்தெருவில் நுழைவதற்காக ஒருவர் பெற்றோலை அழுத்தி முடுக்குகின்றார், மூக்கு எழுகின்றது. அது மெல்ல இறங்குவதற்கு ஒரு செக்கன் கழியுமாயின், 88 அடித் தொலைவுக்கு அவர் தாம் பழகிய வண்டியை ஓட்டவில்லை. வேறொரு வண்டியை ஓட்டுகிறார். அந்த 88 அடிக்குள் ஒரு வளைவோ ஓர் ஆபத்தோ இருக்கலாம்.

மூன்றாவது, வளைவு. வண்டி திரும்பும்போது உட்புறம் எழுகின்றது, வெளிப்புறம் தாழ்கின்றது. 90/10 பூட்டிய வண்டியில் உட்புறம் தடையின்றி எழும். வெளிப்புறமோ உடனே தாழ மறுக்கும். ஆகவே முன்பாகம் முழுவதுமே உயர்ந்து, புவியீர்ப்பு மையமும் உயரும். ஒரு தடையை விலக்குவதற்காக இடமும் வலமும் அடுத்தடுத்துத் திருப்ப நேர்ந்தால், முதல் திருப்பத்தின் ஆட்டம் அடங்குமுன் இரண்டாவது திருப்பம் தொடங்கிவிடும்.

நான்காவது, பிறேக். புவியீர்ப்பின் பத்தில் ஏழு பங்கு வன்மையுடன் மேற்கூறிய வண்டியை நிறுத்தினால், ஏறத்தாழ 450 இறாத்தற் பாரம் முன்னே வரும். அவ்வேளையில் முன் ரயர்கள் தரையை விடாது சீராக அழுத்தினாலன்றி அப்பாரத்தாற் பயனில்லை. சமமற்ற தெருவில், வன்மையாகச் சுருங்க மறுத்தும் அடக்கமின்றி நீண்டும் தொழில் புரியும் அதிர்வடக்கி அச்சீரைக் குலைக்கின்றது. அழுத்தம் ஒரு கணம் மிகும், மறு கணம் குறையும். குறையும் கணத்திற் சக்கரம் பூட்டுண்டு வழுக்கும். 1964ஆம் ஆண்டு ஜீ.ரீ.ஓ. வண்டிக்கு நான்கு சக்கரங்களிலும் பழைய முறையிலமைந்த டிரம் பிறேக்குகளே இருந்தன. ஓடுவதில் வல்லதாயும் நிற்பதில் மெலிந்ததாயும் இருந்த வண்டிக்கு இக்குறையையும் சேர்ப்பது அறிவுடைமையாகாது.

“பல ஆண்டுகளாக ஓட்டி வருகின்றோம், ஒரு தீங்கும் நேரவில்லை” என்று சிலர் விடை கூறுவர். அவ்விடையை முற்றாகத் தள்ளிவிட முடியாது. சமமான தெருவில், நிதானமான வேகத்தில், வறண்ட நாளில் அந்த வண்டி பெரும்பாலும் அமைதியாகவே செல்லும். 70/30 போன்ற மிதமான பங்கீட்டில் குறைபாடு அவ்வளவு வெளிப்படாமலும் போகலாம். ஆனால் அதிர்வடக்கியின் தரத்தை அளப்பது அமைதியான நாளன்று; எதிர்பாராத கணமாகும். அந்தக் கணத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஓட்டுபவருக்கு இல்லை. மேலும், அவ்வண்டியில் ஏறுவோரும் எதிரே வருவோரும் அந்தத் துணிவிற்கு உடன்பட்டவர் அல்லர். பந்தயக் களத்தில் இருவரும் அறிந்தே இறங்குகின்றனர். தெருவில் ஒருவரே அறிவார். இவ்வேறுபாடு சிறியதன்று. அதிர்வடக்கி செய்வோரிற் சிலரும் இத்தகைய கருவி பந்தயப் பாவனைக்கு மட்டுமே உரியது என அறிவிக்கின்றனர்.

அவ்வாறாயின், தெருவிலும் ஓடிக் களத்திலும் பங்குபற்ற விரும்புவோர் என் செய்வது? அக்கால வண்டிகளை ஆக்கியோரே வழி காட்டியுள்ளனர். வலிய இயந்திரம் பின் அச்சை முறுக்கும்போது தட்டுவிற்கள் நெளிந்து, சக்கரங்கள் தரையில் துள்ளுவது அவ்வண்டிகளுட் பலவற்றின் பெருங்குறையாக இருந்தது. 1968ஆம் ஆண்டுக் கமாரோ வண்டியிற் பின் அதிர்வடக்கிகளுள் ஒன்றை அச்சுக்கு முன்னும் மற்றதை அச்சுக்குப் பின்னும் அமைத்து, அத்துள்ளலை அடக்கினர். வலிமை மிக்க மஸ்டாங் வண்டிகள் சிலவற்றிலும் அவ்வேற்பாடு கையாளப்பட்டது. கிறைஸ்லர் நிறுவனத்தார், அச்சுக்கு முன்னுள்ள பாகம் குறுகியும் பின்னுள்ள பாகம் நீண்டும் இருக்கும்படி தட்டுவிற்களை அமைத்தனர். குறுகிய முன்பாகம் முறுக்கத்தை எதிர்த்து நின்றது. இவையெல்லாம் பின் சக்கரங்களின் பற்றைப் பெருக்கின. அதன்பொருட்டு முன் சக்கரங்களின் கட்டுப்பாட்டைத் தியாகம் செய்யவில்லை. இன்றைய ரேடியல் ரயர்கள் அக்கால ரயர்களை விடப் பற்று மிக்கவை. நல்ல ரயர், தேய்ந்த றப்பர்ப் பொருத்துக்களை மாற்றுதல், முறுக்கத்தைத் தடுக்கும் கம்பி ஆகிய இவற்றை முதலிற் செய்தவருக்கு 90/10 தேவைப்படாமலும் போகலாம்.

அதற்கு மேலும் வேண்டுவோர்க்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, தெருவிற்கொரு சோடியும் களத்திற்கொரு சோடியுமாக வைத்துக்கொண்டு, களத்தை அடைந்தபின் மாற்றிப் பூட்டுவது. பந்தயம் முடிந்ததும் மறவாது மீண்டும் மாற்றுவது. மற்றது, சுருங்குந் திசையையும் நீளுந் திசையையும் தனித்தனியே திருத்தத்தக்க அதிர்வடக்கியைப் பூட்டுவது. இதன் விலை அதிகம். ஒரு திருகு மட்டுமே உள்ளவற்றில் அத்திருகு எத்திசையை மாற்றுகின்றது என்பதைக் கேட்டறிந்த பின்னரே வாங்குதல் வேண்டும். இரு வழியிலும், வீடு திரும்புமுன் திருகைத் தெருவிற்குரிய இடத்தில் வைத்தல் முக்கியமாகும்.

பழைய வண்டியை வாங்குவோர் ஒரு சோதனையையும் செய்து கொள்ளலாம். முன் அதிர்வடக்கியைக் கழற்றி நிறுத்தி, கையால் அழுத்தியும் இழுத்தும் பார்த்தல் வேண்டும். அழுத்தும்போது வன்மையாக எதிர்த்து, இழுக்கும்போது வெறுங்குழாய் போல் இலகுவாக வருமாயின், அது பந்தயத்திற்குரியது என ஐயுற இடமுண்டு. வாயு நிரப்பிய அதிர்வடக்கி தானாகவே விரியும் இயல்புடையது. அதை இச்சோதனையால் மட்டும் முடிவு செய்தல் கூடாது. உடலில் எழுதிய இலக்கத்தைக் குறித்துக்கொண்டு தயாரித்தவரிடம் விசாரிப்பது நன்று. இரு திசையிலும் தடையே இல்லையாயின், அது தேய்ந்துபோனது; பந்தயக் கருவியினும் அது அபாயமானது.

யாழ்ப்பாணத்துச் சவாரி மாட்டை எவரும் நெல்மூடை ஏற்றிய வண்டியிற் பூட்டுவதில்லை. மாட்டில் குறையுண்டு என்பதனால் அன்று. அது பழக்கப்பட்ட வேலை வேறு என்பதனால். 90/10 அதிர்வடக்கியும் அவ்வாறே தன் களத்தில் குறையற்ற கருவி. தெருவில் நடந்த பந்தயத்தை எழுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு தலைமுறையினர் பெருமுயற்சியோடு களத்துள் அடைத்தனர். களத்தின் கருவியைத் தெருவில் ஓட்டுபவர், தாம் அறியாமலே அப்பந்தயத்தின் ஒரு துண்டை மீண்டும் தெருவிற்குக் கொண்டு வருகின்றார். பழைய வண்டியை நேசிப்போர், அடுத்த முறை அதன் இயந்திர மூடியைத் திறந்து பெருமையோடு காட்டுமுன், ஒருமுறை குனிந்து, முன் சக்கரத்தின் பின்னே நிற்கும் அக்குழாயில் எழுதியிருப்பதைப் படித்துவிடுவார்களாக.